பிழையும் பொறையும்

பேச்சில் நேரும் பிழை காற்றோடு போய்விடும். எழுத்தில் நேரும் பிழை தாள் உள்ளவரை நிற்கும். திருமண அழைப்பிதழில் ‘மணமக்கள்’ என்னும் சொல் ‘மனமக்கள்’ என அச்சாகிவிட்டால், அச்சான படிகள் அனைத்திலும் அது நிலைத்துவிடுகிறது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்பது ‘ஆழ்ந்த இறங்கல்’ என மாறிவிட்டால், துயரம் சொல்ல வந்த தொடர் படிக்கட்டிலிருந்து கீழே வருவதைச் சொல்லி நிற்கிறது. ‘எங்கள் வேண்டுகோளை ஏற்றுக்கொல்லுமாறு பணிவுடன் கேட்கிறோம்’ என்று ஒரு விண்ணப்பம் முடியுமாயின், பணிவோடு வந்தவர் கொலையையன்றோ வேண்டியவர் ஆகிறார்!

இத்தகைய பிழைகளைக் கண்டவுடன் தமிழறிந்தோர் உள்ளத்தில் எரிச்சல் எழுகிறது. சிலர் அச்சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு நண்பர்களுக்குக் காட்டி நகைக்கின்றனர். சிலர் தமிழின் அழிவே தொடங்கிவிட்டது எனப் பெருமூச்சு விடுகின்றனர். இவர்களுக்கு எதிரே வேறொரு சாரார் நிற்கின்றனர். ‘சொல்ல வந்தது விளங்கிவிட்டதன்றோ? ஓர் எழுத்து மாறியதால் குடியா முழுகிவிட்டது?’ என்பது அவர்தம் வாதம்.

பிழைபட எழுதுவது அறத்தின்பாற்பட்ட குற்றமா, வெறும் பயிற்சிக் குறைவா? பிழை கண்டு சினப்பது மொழிப்பற்றா, கல்விச் செருக்கா? இலக்கண நூலுக்குள் மட்டும் நின்று விடைகாண இயலாத வினாக்கள் இவை. எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இடையே உள்ள உறவைப் பற்றியவை; ஆதலின் அறத்தோடும் தொடர்புடையவை.

ஓர் எழுத்தின் விலை

‘பொருள் விளங்கினால் போதும்’ என்போரின் கூற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். தமிழில் ஓர் எழுத்தின் மாற்றம் பொருளையே புரட்டிவிடும் இடங்கள் மிகப் பல. அரம் என்பது இரும்பை அராவும் கருவி. அறம் என்பது வாழ்வின் நெறி. கரை ஆற்றுக்கு உரியது. கறை ஆடைக்கு நேர்வது. ‘விளக்கு’ என்றால் தெளிவாக்கு. ‘விலக்கு’ என்றால் அகற்று. தலைவர் ஐயங்களை விளக்கினாரா, விலக்கினாரா என்பது ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் சிறு செய்தி ஆகாது.

ஒற்றெழுத்தும் அத்தகையதே. ‘வேலை கொடு’ என்பவன் தொழில் கேட்கிறான். ‘வேலைக் கொடு’ என்பவன் வேற்படையைக் கேட்கிறான். ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைக் கொம்பால் ஆனது. ஒரு புள்ளி எழுத்து இருப்பதும் இல்லாததும் சொற்களுக்கிடையே உள்ள உறவையே மாற்றிவிடுவதை இவை காட்டும்.

எனினும் எல்லாப் பிழையும் பொருளைக் கெடுப்பன அல்ல. ‘ஒரு ஊர்’ என்று எழுதினாலும் ஊர் ஊராகவே இருக்கும். ‘ஓர் ஊர்’ என்பதே மரபு. ‘மரங்கள் விழுந்தது’ என்றாலும் மரங்கள் விழுந்த செய்தி தெரிந்துவிடும்; ‘விழுந்தன’ என்பதே எண்ணிக்கையோடு இயைவது. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பதிலும் பொருள் மயக்கம் இல்லை. ஒருமையையும் பன்மையையும் ஒரே கயிற்றில் கட்டிய குறையே உண்டு. ஆகவே, பொருளைக் கொல்லும் பிழை வேறு. நடையின் செப்பத்தைக் குறைக்கும் பிழை வேறு. இரண்டையும் ஒரே தராசில் இட்டு ஒரே அளவு சினம் கொள்வது அளவறிந்த செயலாகாது.

பிழை பிறக்கும் இடம்

சினப்பதற்கு முன் காரணம் தேடுவது அறிவுடைமை. ழகரம் பல வட்டாரங்களின் பேச்சில் ளகரமாகவே ஒலிக்கிறது. ரகரத்திற்கும் றகரத்திற்கும் உள்ள வேறுபாடு அன்றாடப் பேச்சில் பெரும்பாலோரிடம் இல்லை. நகரமும் னகரமும் செவிக்கு ஒன்றே. செவியை நம்பி எழுதும் பிள்ளைக்குச் செவி துணைசெய்யாத இடங்கள் இவை. ‘இரங்கல்’, ‘இறங்கல்’ என்னும் இரண்டையும் வேறுபடுத்த அவன் பலமுறை கண்ணால் கண்டிருக்க வேண்டும். அஃதாவது, நிறையப் படித்திருக்க வேண்டும். வீட்டில் தமிழ் நூலோ செய்தித்தாளோ இல்லாத பிள்ளை அந்த வேறுபாட்டை எங்கிருந்து பெறுவான்?

வேறு சில பிழைகள் சிந்தனையின் விளைவாகவே பிறக்கின்றன. ‘சுவற்றில் எழுதாதே’ என்று எழுதுபவனைக் காண்க. கயிறு ‘கயிற்றில்’ ஆகிறது. வயிறு ‘வயிற்றில்’ ஆகிறது. அவ்வழியே சுவரையும் ‘சுவற்றில்’ ஆக்கிவிட்டான். கயிறும் வயிறும் ‘று’ என முடிவன, சுவரோ ‘ர்’ என முடிவது, ஆதலின் ‘சுவரில்’ என்பதே முறை என்பதை எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. ‘முயன்றான்’ என்னாமல் ‘முயற்சித்தான்’ என்பவனும் அத்தகையவனே. பயிற்சி ‘பயிற்சித்தான்’ ஆகாததை நினைவூட்டினால் அவனே தன் சொல்லை ஐயுறத் தொடங்குவான். இப்பிழைகள் மடமையின் அடையாளம் அல்ல. விதியைத் தேடிச் சென்று வழி தவறியவனின் அடிச்சுவடுகள் இவை. நல்லாசிரியர் இச்சுவடுகளைப் பார்த்து மாணவன் எங்கே திரும்பினான் என்பதைக் கண்டுகொள்வார்.

எழுதுவோன் கடன்

காரணம் இருப்பதால் கடன் நீங்கிவிடுமா? நீங்காது. நேரில் பேசுபவனை இடைமறித்து, ‘என்ன சொன்னீர்?’ என்று கேட்கலாம். அவன் முகமும் கையசைவும் பொருளை நிறைவு செய்யும். எழுத்தைப் படிப்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எழுதியவன் இல்லாத இடத்தில், அவன் விட்டுச்சென்ற குறிகளை மட்டும் நம்பி அவன் நிற்கிறான். அவனுக்குச் செய்யும் மரியாதையே பிழையற்ற எழுத்து. விருந்தினர் வருமுன் வீட்டைக் கூட்டிவைப்பது போன்ற ஒழுக்கம் அது. கூட்டாத வீட்டிலும் விருந்தினர் அமரலாம். ஆயினும் வருகிறவரைப் பற்றி வீட்டார் நினைக்கவில்லை என்பது புலப்பட்டுவிடும்.

இந்நோக்கில் பிழைகளை மூவகையாகப் பகுக்கலாம். அறியாமையால் நேர்வது ஒன்று; அசட்டையால் நேர்வது மற்றொன்று; சுட்டிக்காட்டிய பின்னும் திருத்த மறுக்கும் பிடிவாதத்தால் நிலைப்பது மூன்றாவது. அறியாமை குறை; அதற்கு மருந்து கல்வி. அசட்டையும் பிடிவாதமும் குற்றம். ஏனெனில் அவற்றில் படிப்பவனைப் பொருட்படுத்தாத மனநிலை அடங்கியுள்ளது.

அசட்டை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குச் சிங்கப்பூரிலிருந்தே ஒரு சான்று உண்டு. ‘லாவ் பா சாட்’ என்னும் பழம்பெரும் உணவங்காடிக்கு வழிகாட்டும் பலகை ஒன்று 2014-இல் பலராலும் பேசப்பட்டது. அப்பெயரின் ஈற்றுப்பகுதி, ஆங்கிலத்தில் சனிக்கிழமையைக் குறிக்கும் சுருக்கமாகக் கொள்ளப்பட்டு, தமிழில் ‘சனி’ என எழுதப்பட்டிருந்தது. பலகை ஏறுமுன் தமிழறிந்த கண் ஒன்று அதனைப் பார்த்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது. பொதுவிடத்தில் தமிழைப் பொறிப்பவர், அதனைப் படிக்கப்போகும் தமிழர் ஒருவர் இருக்கிறார் என்று நினைக்க வேண்டும். இங்கு எழும் சினம் நியாயமானது. தனி ஒருவனின் கடிதத்தில் உள்ள பிழையும், பலர் கையொப்பத்தோடு பலகையேறும் பிழையும் ஒன்றாகா. அதிகாரமும் வாய்ப்பும் மிகுந்தோர்க்குப் பொறுப்பும் மிகுதி.

இலக்கணம் காட்டும் பொறை

இலக்கணத்தின் பெயரால் கடுமை காட்டுவோர் பலர். ஆயின், தமிழ் இலக்கணமே கடுமையை மட்டும் கற்பிக்கவில்லை. தொல்காப்பியர் காலந்தொட்டே வழுவை ஆராய்ந்த மரபு தமிழுக்கு உண்டு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகையில் வழு நேரும் என வகுத்த நூலோர், வழாநிலை எனவும் வழு எனவும் இரண்டோடு நிறுத்தவில்லை. மூன்றாவதாக ‘வழுவமைதி’ என்ற ஒன்றையும் வைத்தனர். வழுவாயினும் தக்க காரணம் இருப்பின் ஏற்றுக்கொள்ளப்படும் என்பதே அதன் பொருள்.

உவகை மிகுதியால் ஒருவன் தன் பசுவைத் தாய் என்று அழைத்து உயர்திணை வினை தருகிறான். அது திணை வழுவே. ஆயினும் அன்பு காரணமாக அமைக்கப்பட்டது. உண்டுகொண்டிருப்பவன், வெளியே நின்று அழைக்கும் நண்பனுக்கு, ‘இதோ, வந்துவிட்டேன்’ என்கிறான். வராதவன் வந்ததாகக் கூறுவது கால வழு. ஆயினும் விரைவு காரணமாக அமைக்கப்பட்டது. பவணந்தியார் நன்னூலில், பழைய வழக்குகள் உதிர்வதையும் புதியவை முளைப்பதையும் காலத்தின் இயல்பாகக் கொண்டு குற்றம் நீக்கினார்.

வழுவமைதி என்பது அறிந்தே வழுவியவர்க்கு உரியது, அறியாது பிழைசெய்தவர்க்கு அது பொருந்தாது எனச் சிலர் மறுப்பர். அம்மறுப்பில் உண்மை உண்டு. ‘ஏற்றுக்கொல்’ என்பதை எந்த அமைதியாலும் காக்க இயலாது. ஆயினும், தீர்ப்புக் கூறுமுன் ‘ஏன் இவ்வாறு சொன்னான்?’ என்று கேட்கும் பழக்கத்தை அந்நூலோர் விட்டுச்சென்றனர். விதியை வாங்கிக்கொண்டு அப்பழக்கத்தைக் கைவிடுபவர் இலக்கணத்தில் பாதியையே கற்றவராவர்.

அச்சம் தரும் பிழை

பொறையற்ற திருத்தம் புதிய பிழைகளையும் பெற்றெடுக்கிறது. ‘படித்தப் புத்தகம்’, ‘சிறந்தப் பள்ளி’, ‘எழுதியக் கடிதம்’ என்றெல்லாம் இக்காலத்து எழுத்தில் காணப்படுவதைத் தமிழாசிரியர் அறிவர். பெயரெச்சத்தின்பின் வல்லினம் மிகாது. ‘ஓடாக் குதிரை’ போன்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின்பின் மட்டுமே மிகும். அவ்வாறிருக்க, வேண்டாத இடத்தில் இந்த ஒற்று எங்கிருந்து வந்தது? ஒற்றை விட்டதற்காகப் பலமுறை மதிப்பெண் இழந்த மாணவன், இனி எங்கும் விடக்கூடாது என அஞ்சி, காணும் இடமெல்லாம் ஒற்றை இடுகிறான். காரணம் கூறாமல் தண்டனை மட்டும் கிடைத்ததால், விதி அவனுக்கு விளங்காமலே அச்சம் மட்டும் படிந்துவிட்டது.

அச்சத்தின் அடுத்த விளைவு இன்னும் கொடியது. பிழைக்கு அஞ்சியவன் குறைவாக எழுதுகிறான். தெரிந்த நாலைந்து தொடர்களுக்குள் ஒடுங்கிக்கொள்கிறான். இறுதியில் எழுதாமலே இருந்துவிடுகிறான். எழுதாதவனுக்குப் பிழை இல்லை. ஆனால் அவன் வழியாகத் தமிழும் இல்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த ஆபத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி அளித்துவந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இன்று அந்நாட்டுத் தமிழ் மாணவர் பிற பாடங்களை ஆங்கிலத்தில் கற்று, தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் பயில்கின்றனர். மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இயங்குகின்றன. ஆயினும் இடைநிலைப் பள்ளியில் காலடி வைத்ததும் தமிழ் பல பாடங்களுள் ஒன்றாகிவிடுகிறது. இந்நாடுகளின் தமிழ் இளைஞனிடம் வேறு மொழிகள் ஆயத்தமாக உள்ளன. தமிழில் எழுதிய கடிதத்திற்கு நகைப்பே பரிசானால், அடுத்த கடிதத்தை அவன் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிவிடுவான். எவரிடமும் முறையிடவும் மாட்டான், கோபித்துக்கொள்ளவும் மாட்டான். ஓசையின்றி விலகிவிடுவான். ஒரு பிழையைப் பார்த்து நகைத்தவர், தாம் ஓர் எழுத்தாளனை இழந்ததை அறியவே மாட்டார்.

எது பிழை என்னும் வழக்கு

திருத்துவோர்க்கு அடக்கம் வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பிழை எனக் கருதப்படும் சிலவற்றில் புலவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை நிலவுகிறது. ‘வாழ்த்துக்கள்’ என்பது பிழை, ‘வாழ்த்துகள்’ என்பதே செம்மை என்பார் ஒரு சாரார். ஒற்று மிகுந்து வருவதற்கும் வழக்கு உண்டு என்பார் மற்றொரு சாரார். ‘அருகாமை’ என்பது எதிர்மறைப் பொருள் தருவதாகலின் ‘அருகில்’ என்றே எழுதவேண்டும் என்பது ஒரு கருத்து. மக்கள் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை விலக்குதல் வேண்டா என்பது பிறிதொரு கருத்து.

எழுத்து வடிவமும் மாறாமல் இருந்ததில்லை. பெரியார் 1930-களிலேயே தம் ஏட்டில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகள் புதுவடிவம் பெற்றன. பின்னர் மலேசிய, சிங்கப்பூர்ப் பாடநூல்களும் அவ்வடிவங்களை ஏற்றுக்கொண்டன. அதற்கு முந்திய தலைமுறையினர் துதிக்கை வளைத்து எழுதிய லைகாரமும் ளைகாரமும் பிழையல்ல. வழக்கு மாறியது, அவ்வளவே.

தோட்டப்புறத் தமிழில் வேரூன்றிய லயம், கிராணி, பெரட்டு போன்ற சொற்களையும் சிலர் பிழை என ஒதுக்குவர். இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த மக்களின் விடியற்காலைகளைச் சொல்ல அச்சொற்களைவிட உண்மையானவை இல. அவை கதையிலும் கட்டுரையிலும் இடம்பெறுவது தமிழின் வளர்ச்சியே. இலக்கண வழுவையும் வாழ்க்கை தந்த வழக்கையும் பிரித்தறியாதவர் திருத்தும் தகுதியை இன்னும் பெறவில்லை எனலாம்.

திருத்துவோன் கடன்

அவ்வாறாயின் பிழைகளைக் கண்டும் காணாது விடுவதே அருளுடைமையா? அதுவும் ஆகாது. ‘பாவம், தமிழ்ச்சூழல் இல்லாத பிள்ளை, இவ்வளவு எழுதியதே போதும்’ என்று பிழையோடு பாராட்டி அனுப்புவதில் இரக்கம் இருப்பதாகத் தோன்றும். உள்ளே புகுந்து பார்த்தால், இவனால் இதற்குமேல் இயலாது என்னும் இளக்காரமே அதில் மறைந்துள்ளது. நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்கு மட்டும் உரியதன்று, எல்லை கடக்கும்போது கடிந்து திருத்துவதற்கும் உரியது என்பது வள்ளுவர் காட்டிய நெறி. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே அந்நெறி இன்னும் பொருந்தும். திருத்தம் ஒருவகை நம்பிக்கை. ‘உன்னால் செம்மையாக எழுத இயலும்’ என்று கருதும் ஒருவரே திருத்துவதற்காக நேரம் செலவிடுவார்.

அந்தத் திருத்தத்திற்கு வரிசை வேண்டும். பொருளைக் கெடுக்கும் எழுத்து மயக்கம் முதலில் களையப்பட வேண்டும். எழுவாய் பயனிலை இயைபு அடுத்து. ஒற்று மிகுதலும் மிகாமையும் அதற்கடுத்து. புலவர்க்குள் வழக்காடும் சொற்கள் கடைசியில். ஒரு பக்கத்தில் நாற்பது பிழையையும் ஒரே நாளில் சிவப்பாக்கினால், மாணவன் கண்ணில் படுவது சிவப்பு நிறம் மட்டுமே. ஒருவகைப் பிழையை மட்டும் எடுத்து, அதன் காரணத்தை விளக்கினால் அது மனத்தில் நிலைக்கும். ‘ஏற்றுக்கொல்’ என எழுதியவனிடம், ‘கொள், கொல் என்னும் இரண்டின் பொருளையும் சொல்’ என்று கேட்டால் போதும். அவனே சிரித்துக்கொண்டு திருத்திவிடுவான். தன் பிழையைக் கண்டு தானே சிரிப்பவன் கற்கிறான். பிறர் சிரிப்பைக் கேட்பவன் சுருங்குகிறான்.

இடமும் அறிதல் வேண்டும். தனியே சொல்லத்தக்கதை அவையில் சொல்வது திருத்தம் ஆகாது. பொதுப்பலகையிலும் பாடநூலிலும் உள்ள பிழையையோ உரியவர்க்கு வெளிப்படையாகவும் உறுதியாகவும் எழுதித் தெரிவிக்க வேண்டும். அங்கே வாய்மூடி இருப்பது பண்பாகாது. ஏனெனில் அப்பிழையைப் பார்த்தே பல பிள்ளைகள் எழுத்துக் கற்பர்.

இந்நாட்டுத் தமிழ் வரலாறும் ஒரு செய்தியை நினைவூட்டுகிறது. 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறக்க வேண்டி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதித் திரட்டை முன்னின்று நடத்தினார். செல்வரோடு எளிய உழைப்பாளரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். அவர்களுள் ஒரு பிழையுமின்றி ஒரு பக்கம் எழுதக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ரகரமும் றகரமும் மயங்கிய கைகளும் அந்த நிதிக்கு நீண்டிருக்கும். அதே காலத்தில் அவ்விதழின் ‘மாணவர் மணிமன்றம்’ இளையோர் எழுத்துக்கு இடம் தந்தது. அங்கே எழுதத் தொடங்கியோர் பலர் பின்னாளில் எழுத்தாளராக மலர்ந்தனர். முதற்படைப்பிலேயே முழுச் செம்மை வேண்டும் என்று கதவை அடைத்திருந்தால் அந்த மலர்ச்சி நேர்ந்திராது.

ஆகவே, எழுதுவோனிடம் வேண்டப்படுவது கவனம். திருத்துவோனிடம் வேண்டப்படுவது பொறை. கவனமற்ற எழுத்து படிப்பவனை அவமதிக்கிறது. பொறையற்ற திருத்தம் எழுதுபவனை விரட்டுகிறது. இவற்றுள் எது பெரிய கேடு என்று கேட்டால், தமிழ் பலமொழிகளுக்கிடையே வாழும் நாடுகளில் விரட்டுவதே பெரிது என்று விடை கூறலாம். கவனமின்றி எழுதுபவனை நாளை திருத்திக்கொள்ளலாம். விலகிப் போனவனை எவரும் திருத்த இயலாது. தமிழாசிரியர்கள் தம் கையிலுள்ள சிவப்பு மையை அந்நினைவோடு எடுக்க வேண்டும். மாணவர்களோ, தம் எழுத்தை எங்கோ ஒருவர் நம்பிப் படிக்கப்போகிறார் என்னும் நினைவோடு, முடித்ததை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்த பின்னரே தாளை மடித்தல் வேண்டும்.